அன்னை வந்த இல்லம்
(திருக்குட நன்னீராட்டு விழாவினையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவு)



மாரி என்பது மழை. மழை குன்றி வெயில் முறுகும் காலத்தில் குளிர்ச்சி வேண்டித் தமிழ் மக்கள் நாடுவது மாரியன்னையின் சந்நிதியையே ஆகும். அம்மை என்னும் சொல் தாயையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். ஒரு குழந்தையின் மேனியில் கொப்புளம் எழுந்தால், நோய் கண்டது என்று வீட்டார் சொல்வதில்லை. ‘முத்துப் போட்டிருக்கிறது’ என்பர். ‘அன்னை வந்திருக்கிறாள்’ என்பர். வாயிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவர். அந்த இல்லத்தில் உரத்த பேச்சும் சினமும் அடங்கிவிடும். நோயுற்ற குழந்தையை எவரும் வெறுத்து ஒதுக்காமல், தெய்வம் தங்கிய திருமேனியாகப் பேணியது இம்மரபின் பெருமையன்றோ!

அந்நாளில் மக்கள் அஞ்சி நடுங்கியது பெரியம்மைக்கு. அது உயிரைக் கொள்ளை கொண்டது. பிழைத்தவர் பலரின் கண்களைப் பறித்தது. 1796இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் எட்வர்டு ஜென்னர் கண்ட அம்மைப்பால் முறை உலகெங்கும் பரவியதன் பயனாகப் பெரியம்மை இந்திய நாட்டை விட்டு 1975இல் அகன்றது. 1980இல் உலகினின்றே ஒழிந்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. இன்று இல்லங்களில் காணும் சின்னம்மை வேறு நோய். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை 1767ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக எடுத்துரைத்தார். சின்னம்மையில் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் மிகுந்து தோன்றும். ஒரே சமயத்தில் சில அரும்பும், சில நீர் கோக்கும், சில வறண்டு பொருக்காகும். நலமுள்ள சிறுவர்க்கு ஒரு வாரம் பத்து நாளில் இது பெரும்பாலும் தானே தணியும். அதுவரை உடலின் வேதனையைத் தணிப்பதே வீட்டார் செய்ய வேண்டிய பணி.

அப்பணிக்கு முன்னோர் வகுத்த முறைகளில் நல்லன பல உண்டு. சமயபுரத்தில் மாசித் திங்கள் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அன்னையே பச்சைப் பட்டினி விரதம் பூணுகிறாள். அந்நாட்களில் தளிகை நிவேதனம் இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் முதலியனவே படைக்கப்பெறும். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பும் காரமும் நீக்கி, மோரும் இளநீரும் கூழும் கொடுப்பது இவ்விரதத்தோடு ஒத்த வழக்கம். வாயினுள்ளும் கொப்புளம் எழுவதால் காரமும் புளிப்பும் பட்டால் எரியும். குளிர்ந்த மென்மையான உணவே இறங்கும். காய்ச்சலால் வற்றும் நீரையும் அது ஈடுசெய்யும். ஆனால் விரதம் என்று கருதிக் குழந்தையைப் பட்டினி போடலாகாது. பாலும், குழைந்த சோறும், மசித்த பருப்பும் அதற்கு வலிமை தரும்.

வேப்பிலையின் பயனையும் உணர்ந்து கொள்ளுதல் நலம். இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குப் புலனாகாத வைரஸ் என்னும் நுண்கிருமி. உடலுக்குள் பெருகும் அதனை மேலே படும் வேப்பிலை அழித்துவிடாது. எனினும், தினவெடுக்கும் இடத்தைக் குழந்தை நகத்தால் கீறாமல், கழுவிய வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடுவது எத்துணை நயமான உபாயம்! கீறிய கொப்புளமே சீழ் வைக்கிறது; அதுவே ஆறாத தழும்பாகிறது. ஆதலின் நகங்களை ஒட்ட நறுக்கிவிடுக. நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியையே உடுத்துக, விரித்துக. தினவு மிகுந்தால் காலமைன் நீர்மத்தைத் தடவலாம். உடைந்த கொப்புளத்தின்மேல் அரைத்த விழுது எதனையும் அப்புதல் தகாது. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டுதல் பெருந்தீங்கு.

மூன்றாம் தண்ணீர் வரையில் மேனியில் நீரே படலாகாது என்று சில இல்லங்களில் விலக்குவர். இளஞ்சூடான தூய நீரில் மேனியைத் தேய்க்காமல் நாள்தோறும் நனைத்து, துணியால் ஒற்றி எடுப்பதால் தீங்கில்லை. தினவு தணியும், தூய்மையும் நிலைக்கும். வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றும் சடங்கை, பொருக்குகள் யாவும் காய்ந்தபின் அன்னைக்கு நன்றி கூறும் மங்கல நீராட்டாகச் செய்வது எவ்வாற்றானும் பொருந்தும்.

இனி, ஒரு செய்தியை உள்ளத்தில் ஆழப் பதித்தல் வேண்டும். ‘அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது, கொடுத்தால் அன்னை சினப்பாள்’ என்பார் இன்றும் உளர். பெற்ற பிள்ளைக்கு ஒருவர் மருந்து ஊட்டினால் எந்தத் தாய் சினப்பாள்? பிறந்து சின்னாளே ஆன குழவி, கருவுற்ற பெண், வயது வந்தோர், வேறு நோயால் உடல் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர்க்குச் சின்னம்மை எளிய நோயன்று. கொப்புளம் தோன்றிய முதல் நாளே அவர்கள் மருத்துவரை நாடுதல் வேண்டும். வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிக்க பயன் தரும். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, அரைமயக்கம், கழுத்து விறைப்பு, நடைத் தள்ளாட்டம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்த வீக்கம், நான்கு நாள் கடந்தும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் யார்க்காயினும் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. காய்ச்சலுக்கென்று ஆஸ்பிரின் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தருதல் ஒருபோதும் கூடாது. அது மூளையையும் ஈரலையும் கெடுக்கும் கொடிய நோய்க்கு வழிகோலும்.

குழந்தையின் அருகில் கண்விழித்திருக்கும் பெற்றோரின் துயர் எந்நாட்டிலும் ஒன்றே. 1964இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி அமெரிக்காவில் ஆராய்ச்சி புரிந்துகொண்டிருந்தபோது, அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாகக் கண்டது. தாயும் தந்தையும் இரவெல்லாம் அஞ்சியிருந்தனர். மகன் பிழைத்தான், தந்தையோ தம் துயரை மறந்தாரில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், சின்னம்மைக்குரிய தடுப்பூசியை அவர் உலகுக்கு அளித்தார். ஒரு தந்தையின் கண்ணீர் பல கோடிக் குழந்தைகளுக்குக் காப்பாயிற்று. ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு மருத்துவரைக் கலந்து அத்தடுப்பூசியை இரு தவணையாக இடுவிக்கலாம். கருவுற்றிருக்கும்போது அதனை இட்டுக்கொள்ளலாகாது.

அன்பர்களே, குடமுழுக்கு நாளில் ஆயிரம் ஆயிரமாக மக்கள் கூடுவர். கூட்டத்தில் கருவுற்ற பெண்டிரும் இருப்பர், கைக்குழந்தைகளும் இருக்கும். கொப்புளம் அரும்புவதற்கு இரண்டொரு நாள் முன் தொடங்கி, எல்லாம் பொருக்காகும் வரையில் இந்நோய் மூச்சுக்காற்றாலும் தொற்றும். தொற்றியவர்க்கு 10 முதல் 21 நாளுக்குள் அது வெளிப்படும். ஆகவே அம்மை கண்டவரைக் கோயிலுக்கு அழைத்து வருதல் முறையன்று. ‘குடமுழுக்கைக் காணும் பேறு வாய்க்கவில்லையே’ என்று அவ்வீட்டார் வருந்தவும் வேண்டுவதில்லை. அன்னை அவர்கள் இல்லத்துக்கே எழுந்தருளியிருக்கிறாள் என்பதன்றோ நம்பிக்கை! வந்த தாயை வீட்டில் விட்டுவிட்டு எந்தத் தாயைத் தேடி வருவது? வாயிலில் தொங்கும் வேப்பிலை, ‘உள்ளே அன்னை இருக்கிறாள், புறத்தார் வரற்க’ என்று இரண்டையும் ஒருங்கே உரைக்கிறது.

திருப்பணிக்குப் பொருள் ஈந்த செல்வர்கள் மற்றொன்றையும் கருதுதல் நலம். அன்றாடம் கூலி பெற்று உண்பவன் வீட்டில் அம்மை கண்டால், ஒரு வாரம் கதவடைத்திருப்பது அவனுக்கு எளிதன்று. அடுப்பில் உலை ஏறாது. அத்தகைய இல்லத்தின் திண்ணையில் நாள்தோறும் ஒரு படி அரிசியும், இளநீரும், ஒரு கலயம் மோரும் வைத்து வருதலும், மருத்துவரிடம் செல்ல வண்டி அமர்த்தித் தருதலும் கோபுரத்துக்குக் கலசம் ஏற்றிய புண்ணியத்துக்குச் சிறிதும் குறைந்தவை அல்ல. கல்லால் எழுந்த கோயிலுக்குச் செய்தது ஒரு திருப்பணி. வேப்பிலை செருகிய குடிசைக்குச் செய்வது மற்றொரு திருப்பணி.

குடத்து நன்னீர் கலசத்தில் வழிந்து ஊரைக் குளிர்விப்பதுபோல, அன்னையின் கருணை ஒவ்வோர் இல்லத்தையும் குளிர்விப்பதாக! மழை பொழிக! மக்கள் நோயின்றி வாழ்க!