வாய்க் குத்தகையும் சிறு நிலச்சொந்தக்காரரும்

(திருவொற்றியூரில் நடந்த உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் பலருக்கு வேலை எண்ணூரிலும் இராயபுரத்திலும். நிலமோ மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ஓரிரு ஏக்கர். ஆலைக்குப் போகிறவர் தாமே பயிரிட முடியாது. ஆகவே ஊரில் ஒருவரிடம் வாய்ப்பேச்சாக வாரத்துக்கு விடுகிறீர்கள். இரண்டு போகத்துக்கு ஒருமுறை ஆளையும் மாற்றுகிறீர்கள். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

அச்சத்தில் நியாயம் உண்டு. 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தம் உடலுழைப்பால் பயிரிடுபவரை நினைத்தபோது வெளியேற்ற இயலாது. வாரப் பாக்கி, நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தல், வேளாண்மை அல்லாத வேலைக்குப் பயன்படுத்தல், உங்கள் உரிமையையே மறுத்தல் ஆகியவை இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். பாக்கி என்றாலும் அவர் தவணை கொடுப்பார். நியாய வாரச் சட்டம் 1956-இல் வந்தபோது நன்செய்க்கு 40 விழுக்காடு நிலச்சொந்தக்காரருக்கு என்றிருந்தது; பின்னர் அது 25 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே. எழுதாததால் நீங்கள் தப்பவில்லை. வாரம் எவ்வளவு, எத்தனை மூட்டை பாக்கி என்று காட்டும் சான்றைத்தான் இழக்கிறீர்கள். ஒப்பந்தத்தை மூன்று படிகள் எழுதி, ஒன்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கச் சட்டமே வழி சொல்கிறது.

மண் இயல் அறிந்தவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது வேறு. மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது நீங்கள் அறிந்ததே. உப்பேறிய நிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். வடிகால் வெட்ட வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தால்தான் பலன். அடுத்த போகம் நமக்கு உண்டோ இல்லையோ என்றிருப்பவர் இதைச் செய்வாரா? யூரியாவைப் போட்டு எடுத்தவரை லாபம் என்று போவார். அவரைக் குறை கூறமாட்டேன். ஆண்டுக்கு ரூ. 6,000 தரும் பி.எம். கிசான் உதவிகூட நிலம் யார் பெயரிலோ அவருக்கே; பயிரிடுபவருக்கு இல்லை.

2016-இல் நிதி ஆயோக் ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டத்தை முன்வைத்தது. பேசிய காலம் முடிந்ததும் நிலம் தானாகவே சொந்தக்காரருக்குத் திரும்பும். பயிரிடுபவருக்கு நில உரிமை எதுவும் பிறக்காது. ஆனால் கடனும் காப்பீடும் கிடைக்கும். மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் இது செல்லும். பக்கத்து ஆந்திரத்தில் 2019-இல் ஏறக்குறைய இதே நோக்கில் 11 மாத ஒப்பந்தச் சட்டம் வந்தது. நிலச்சொந்தக்காரர் கையொப்பமிட்டால்தான் பயிரிடுபவருக்கு அட்டை. பலர் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள்.

என் கருத்தில் 11 மாதம் உப்பு நிலத்துக்குப் போதாது. ஐந்தாண்டாவது வேண்டும், அதன் முடிவில் நிலம் திரும்பும் என்ற உறுதியும் வேண்டும். அதுவரை, வாரம் அளக்கும்போது இருவரும் கையொப்பமிட்ட இரசீதாவது வைத்துக்கொள்ளுங்கள்.