பந்தைக் கொடுத்துப் புகழ் பெற்றவர்



மாலை வேளையில் தோட்டத் திடலில் பிள்ளைகள் காற்பந்து ஆடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை கோல் போட்டாய்?" என்பதுதான். "எத்தனை பேருக்குப் பந்தைக் கொடுத்தாய்?" என்று கேட்ட தகப்பனை நான் இதுவரை கண்டதில்லை. கோல் போட்டவன் பெயர் லயம் முழுக்கப் பேசப்படுகிறது. அவன் காலடியில் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் பெயரை யாரும் கேட்பதில்லை.

பந்தைக் கொண்டுசேர்ப்பதையே தம் தொழிலாகக் கொண்டு, உலகமெல்லாம் பெயர் வாங்கிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் தம் நாட்டுக்காக 111 ஆட்டங்கள் ஆடினார். அத்தனை ஆட்டங்களிலும் சேர்த்து அவர் போட்ட கோல்கள் வெறும் 11. ஆனாலும் அவர் பிறந்த ஊரில், காற்பந்து அரங்கத்தின் பக்கத்தில், அவருக்குப் பெரிய வெண்கலச் சிலை நிற்கிறது. அவர் பெயர் கார்லோஸ் வால்டெராமா. நாடு கொலம்பியா.

கொலம்பியா எங்கே இருக்கிறது? தென் அமெரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அதன் வடகரையில், கரீபியக் கடலோரத்தில், சாந்தா மார்த்தா என்னும் துறைமுக நகரம் உண்டு. 1525ஆம் ஆண்டு ஸ்பானியர்கள் அமைத்த பழைய ஊர் அது. ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் உச்சியில் பனி மூடிய மலை. இந்த ஊரைச் சுற்றியுள்ள சமவெளியைப் பற்றிச் சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். ஏனென்றால் அதுவும் தோட்டப் பிரதேசம்தான்.

நமக்குப் பால்மரம் எப்படியோ, அவர்களுக்கு அப்படி வாழை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அங்கே பெரும் வாழைத் தோட்டங்களை நடத்தியது. வெட்டிய தார்கள் இரயிலில் ஏறிச் சாந்தா மார்த்தா துறைமுகம் வந்து, கப்பலேறி அயல்நாடு போயின. 1928ஆம் ஆண்டு அத்தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவை என்ன தெரியுமா? வாரத்தில் ஆறு நாள் வேலை. நாளுக்கு எட்டு மணி நேரம். வேலையில் அடிபட்டால் நட்டஈடு. கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டுக்குப் பதிலாகக் கையில் ரொக்கக் கூலி. அந்த ஆண்டு டிசம்பரில், சியெனகா என்னும் ஊரில் கூடியிருந்த தொழிலாளர்கள் மீது இராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றுவரை விவாதமாகவே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பிறந்து நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கெஸ் இந்தச் சம்பவத்தைத் தம் நாவலில் எழுதியிருக்கிறார். இன்று அதே சமவெளியில் வாழையோடு செம்பனையும் வளர்கிறது.

இந்த ஊரின் துறைமுகத்தை ஒட்டி பெஸ்காயித்தோ என்று ஒரு குடியிருப்பு. மீனவர்களும் துறைமுகக் கூலிகளும் இரயில் வேலையாட்களும் வாழ்ந்த ஏழை மக்களின் பேட்டை. அங்கே பணம் கொழிக்கவில்லை, காற்பந்து கொழித்தது. அங்கிருந்த புழுதித் திடலில் ஆடி வளர்ந்த பிள்ளைகள் பலர் பெரிய குழுக்களுக்குப் போனார்கள். 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் பிறந்த வால்டெராமாவும் அந்தப் புழுதியில் ஆடியவர்தான். அவருடைய தகப்பனாரும் காற்பந்து ஆட்டக்காரர். ஊரார் அவரை "எல் பிபே" என்று பட்டப்பெயரால் அழைத்தார்கள். நம் வழக்கில் சொன்னால் "பொடியன்" என்று பொருள். தலை நரைக்கும் வயதிலும் அவர் அவர்களுக்குப் பொடியன்தான்.

நேயர்களே, ஆட்டக்காரர் என்றால் சிறுத்தைபோல் ஓட வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வால்டெராமா வேகமாக ஓடுபவர் அல்லர். உயரத்தில் ஓங்கித் தலையால் முட்டுபவரும் அல்லர். தலை நிறைய மஞ்சள் நிறச் சுருட்டை முடியோடு, சந்தைக்குப் போகிறவர்போல நிதானமாகத் திடலில் நடப்பார். முதல்முறை பார்ப்பவர், "இவரை எதற்கு ஆட்டத்தில் வைத்திருக்கிறார்கள்?" என்றுகூடக் கேட்கலாம்.

பிறகு பந்து அவரிடம் வரும். அப்போதுதான் விஷயம் தெரியும். மத்தியத் திடல் ஆட்டக்காரரின் வேலை, பின்னால் நிற்கும் தற்காப்புக்கும் முன்னால் நிற்கும் தாக்குதலுக்கும் பாலம் போடுவது. அதற்குக் கால் மட்டும் போதாது, கண் வேண்டும். பந்து வருமுன்னரே, யார் எங்கே நிற்கிறார், யார் எந்தப் பக்கம் ஓடப் போகிறார் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். வால்டெராமா அதைப் பார்த்து வைத்திருப்பார். இரண்டு பேர் வந்து நெருக்கினாலும் பந்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டுவார், திரும்ப வாங்குவார், மறுபடி தட்டுவார். எதிரிகள் அந்தப் பந்தையே பார்த்துக் கொண்டிருக்கும்போது, யாரும் எதிர்பாராத ஓர் இடைவெளியில் அதை அனுப்பிவிடுவார். அங்கே அவருடைய தோழர் ஓடி வந்துகொண்டிருப்பார். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதைத் திடலில் செய்து காட்டியவர் அவர்.

ஆனால் வந்தவுடன் அவரை யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிவிடவில்லை. 1981இல் சொந்த ஊர்க் குழுவான யூனியன் மக்தலேனாவில் தொடங்கினார். 1984இல் தலைநகர் பொகோட்டாவின் பெரிய குழுவான மில்லியோனாரியோசுக்குப் போனார். அங்கே அதிக நாள் நிலைக்கவில்லை. அடுத்து டெப்போர்ட்டிவோ காலி குழுவில் சேர்ந்த பிறகுதான் அவருடைய அருமை நாட்டுக்குத் தெரிந்தது. 1985இல் தேசியக் குழுவில் இடம் பிடித்தார். 1987இல் தென் அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1988இல் பிரான்சு நாட்டின் மொன்பெலியே குழுவுக்குப் போனார். அங்கே ஆட்டம் வேகமும் முரட்டுத்தனமும் கொண்டது. தொடக்கத்தில் திணறினார், பொறுத்திருந்து தம் இடத்தைப் பிடித்தார். அக்குழு 1990இல் பிரெஞ்சுக் கிண்ணத்தை வென்றது.

அதே 1990இல் இத்தாலியில் உலகக் கிண்ணப் போட்டி. 1962க்குப் பிறகு 28 ஆண்டுகள் கழித்துக் கொலம்பியா அதில் நுழைந்தது. பயிற்றுநர் பிரான்சிஸ்கோ மத்துரானா. குழுத் தலைவர் வால்டெராமா. ஐக்கிய அரபுச் சிற்றரசுகளை 2-0 என வென்றார்கள். அதில் ஒரு கோல் வால்டெராமாவுடையது. அடுத்து யுகோஸ்லாவியாவிடம் 0-1 எனத் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டம் மேற்கு ஜெர்மனியோடு, மிலான் நகரில். அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தையே தட்டிச் சென்ற குழு அது.

ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம் இருக்கும்போது ஜெர்மனி ஒரு கோல் போட்டுவிட்டது. வேறு குழுவாக இருந்தால், பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் உதைத்திருப்பார்கள். கொலம்பியர்கள் அப்படிச் செய்யவில்லை. நேரம் கடந்து கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதும், எப்போதும் ஆடும் ஆட்டத்தையே ஆடினார்கள். காலுக்குக் காலாகப் பந்து கைமாறியது. வால்டெராமா தமக்கு வந்த பந்தை, வலப்புறம் ஓடிவந்த பிரெடி ரிங்கோனின் பாதையில் மெல்ல நழுவவிட்டார். ரிங்கோன் அதைக் கோல்காவலரின் இரு கால்களுக்கும் நடுவே அடித்தார். 1-1. கொலம்பியா வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே கேமரூனிடம் தோற்றது உண்மைதான். ஆனால் அந்தக் கோலைக் கொலம்பியர்கள் இன்றும் மறக்கவில்லை. கோல் போட்டவர் ரிங்கோன். அந்தக் கோலுக்கு வழி திறந்தவர் வால்டெராமா.

அடுத்தது 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. ஆர்ஜென்டினாவின் தலைநகரிலேயே, அவர்கள் ரசிகர்கள் முன்னிலையில், கொலம்பியா 5-0 என வென்றது. முதல் கோலை ரிங்கோன் போட்டார். பந்தைக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இறுதியில் ஆர்ஜென்டினா ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ஆண்டும் தென் அமெரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வால்டெராமாவுக்கே கிடைத்தது.

நேயர்களே, இந்த வெற்றிக்குப் பின் வந்ததையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். பெற்றோர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டுகிறேன்.

1994இல் அமெரிக்காவில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. கொலம்பியா கிண்ணத்தை வெல்லக்கூடும் என்று புகழ்பெற்ற பெலேயே சொல்லியிருந்தார். நாடு முழுவதும் அதே எதிர்பார்ப்பு. ஆனால் முதல் ஆட்டத்தில் ருமேனியாவிடம் 1-3 என்று தோற்றார்கள். குழுவினருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. போதைப்பொருள் கும்பல்களும் சூதாட்டக்காரர்களும் அந்நாட்டை ஆட்டிப்படைத்த காலம் அது. அந்த அச்சத்தோடு அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் இறங்கினார்கள். எதிரணி குறுக்கே அடித்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார் தற்காப்பு ஆட்டக்காரர் ஆந்திரேஸ் எஸ்கோபார். பந்து அவர் காலில் பட்டுச் சொந்தக் கோலுக்குள்ளேயே புகுந்தது. 1-2 எனத் தோல்வி. கடைசி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தை வென்றும் பயனில்லை.

எஸ்கோபார் ஒளிந்துகொள்ளவில்லை. நாடு திரும்பினார். வாழ்க்கை இத்தோடு முடிந்துவிடவில்லை என்ற கருத்தில் நாளேடு ஒன்றில் எழுதினார். 1994 ஜூலை 2ஆம் நாள் அதிகாலை, தம் சொந்த ஊரான மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

ஒரு பந்து தவறியதைப் பொறுக்க முடியாத மனிதர்கள் ஓர் உயிரைப் பறித்தார்கள். இது எங்கோ தொலைதூரத்தில் நடந்த கதைதானே என்று விட்டுவிட முடியுமா? தோட்டங்களுக்கிடையே நடக்கும் சாதாரணப் போட்டியில்கூடத் தோற்ற பிள்ளையைத் திடலிலேயே வசைபாடும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறவிட்டவன் பெயர் சொல்லித் திட்டியதைக் கேட்டு, அடுத்த வாரம் திடல் பக்கமே வராமல் போன பிள்ளைகள் உண்டு. சுடு சொல்லும் சுடத்தான் செய்கிறது.

வால்டெராமா அந்தத் துயரத்துக்குப் பிறகும் தம் குழுவைக் கைவிடவில்லை. 1998இல் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கும், 36ஆம் வயதில், கொலம்பியாவைத் தலைமை தாங்கி அழைத்துப் போனார். அதற்கு முன்பே, பாரங்கியா நகரின் ஜூனியர் குழு 1993லும் 1995லும் தேசிய வெற்றியாளரானபோது அதில் ஆடினார். 1996இல் அமெரிக்காவில் புதிய தொழில்முறைக் காற்பந்துப் போட்டி தொடங்கியது. முதலாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர் இவரே. 2000ஆம் ஆண்டில், 39 வயதை எட்டிய நிலையில், ஒரே பருவத்தில் 26 கோல்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்துச் சாதனை படைத்தார். வேகத்தை நம்பியவர்கள் முப்பதைத் தாண்டியதும் ஓய்ந்துவிடுகிறார்கள். கண்ணையும் நிதானத்தையும் நம்பியவர் நாற்பது வயது வரை ஆடினார். 2004இல் பெலே தேர்ந்தெடுத்த உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பெற்ற ஒரே கொலம்பியர் இவர்தான்.

இதைக் கேட்டுவிட்டு, "என் பிள்ளையும் வால்டெராமா ஆகிவிடுவான்; இனிப் பாடப் புத்தகம் எதற்கு?" என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். பெஸ்காயித்தோவின் புழுதியில் ஆடிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். சிலை ஏறியவர் ஒருவரே. பாடமும் வேண்டும், பந்தும் வேண்டும்.

நான் கேட்டுக்கொள்வது இரண்டே விஷயங்கள். ஒன்று: உங்கள் பிள்ளை திடலிலிருந்து வரும்போது, கோல் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "யாருக்கு நல்ல பந்து கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள். வகுப்பில் பக்கத்து மாணவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, வீட்டில் தங்கையைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் பிள்ளை, இவர்களும் மத்தியத் திடலில் நிற்பவர்களே. அவர்கள் பெயர் பரிசுப் பட்டியலில் வராமல் போகலாம். நம் வாயிலாவது வரட்டும். இரண்டு: தோற்று வரும் பிள்ளைக்கு முதலில் ஒரு வாய் தேநீர் கொடுங்கள். புத்திமதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் நாள்தோறும் செய்வதும் பந்தைக் கொடுக்கும் வேலைதான். கோல் போட வேண்டியவர்கள் பிள்ளைகள்.