கணினி ஏடும் நம் கடமையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கூலி வேலை செய்த கையால் மாதந்தோறும் பணம் எடுத்து வைத்து, பிறர் பிள்ளைக்கும் புத்தகம் வாங்கித் தந்த உங்களுக்குக் கல்வியின் சிறப்பை நான் எடுத்துரைப்பது மிகையாகும். ஆகவே அவர்களுடைய இசைவைப் பெற்றுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். பதிவேடுகளைப் பற்றி, அவற்றிலும் இப்போது கணினியில் ஏறிவிட்ட பதிவேடுகளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அது அலுவலகத்தார் பாடு, நமக்கென்ன என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் விளைந்த பிழையொன்றை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்துவந்தாள். அவளுடைய பெற்றோர் தைப் பொங்கல் கழிந்ததும் செங்கற்சூளைக்குச் சென்று ஆனி மாத வாக்கில் ஊர் திரும்புபவர்கள். 2018ஆம் ஆண்டில் மகளையும் உடனழைத்துச் சென்றனர். சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்க்கப் போவதாகக் கூறி மாற்றுச் சான்றிதழ் கேட்டனர், வழங்கினேன்.

இவ்விடத்தில் ஒரு நடைமுறையை விளக்கியாக வேண்டும். நம் மாநிலப் பள்ளிகளில் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் எண் உண்டு. குழந்தை ஒரு பள்ளியை விட்டு நீங்கினால், அதன் பெயர் பொதுத் தொகுப்பு என்ற இடத்திற்குச் சென்றுவிடும். புதிய பள்ளியின் தலைமையாசிரியர் அங்கிருந்து அப்பெயரை எடுத்துத் தம் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடுக்கும்வரை அக்குழந்தை கணினியின் கணக்கில் எப்பள்ளியையும் சாராதது.

சூளைப் பக்கத்துப் பள்ளியில் அவளை வகுப்பில் அமர்த்திக்கொண்டார்கள். பெயரைத் தொகுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஆனியில் அவள் ஊர் திரும்பினாள். நம் பிள்ளைதானே என்று எட்டாம் வகுப்பில் உட்கார வைத்தோம். காகித வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினோம். கணினியில் சேர்க்க மறந்தோம். ஐந்து மாதங்கள் அவள் முன்வரிசையில் அமர்ந்து படித்தாள். பின்னர், பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடும் கணக்கெடுப்பில் அவள் பெயர் வந்தது. ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் வீடு தேடிச் சென்று, பாட்டியிடம் விசாரித்து, இறுதியில் எங்கள் பள்ளிக்கே வந்து சேர்ந்தார். அவர் தேடிவந்த குழந்தை அப்போது கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்தோம். அன்றே பெயரைச் சேர்த்துவிட்டேன். அத்துடன் முடிந்தது என்றும் நினைத்தேன்.

முடியவில்லை. அப்பெண் பிளஸ் டூ தேறிக் கல்லூரியில் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு, உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டதை அறிவீர்கள். அவள் விண்ணப்பித்தபோது ஏழாம் வகுப்பின் பிற்பகுதியும் எட்டாம் வகுப்பின் முற்பகுதியும் ஏட்டில் வெற்றிடமாக இருந்தன. அக்காலத்தில் எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். அவளுடைய தாயார் கூலியை விட்டுவிட்டு, சூளைப் பக்கத்துப் பள்ளிக்கு இருமுறை பேருந்தேறிச் சென்று படிப்புச் சான்று பெற்றுவந்தார். பணம் காலந்தாழ்ந்து கிடைத்தது. அந்த அம்மையார் என்னைக் கடிந்து ஒரு சொல் கூறவில்லை. "ஐயா, பிள்ளை உங்கள் பள்ளியில்தானே இருந்தாள்?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன விடை கூற இயலும்? பிழை என்னுடையது.

அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்திற்கு முன்னரே, வெளியூர் செல்லும் குடும்பங்களின் பெயர்களை ஒரு தனி நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். பிள்ளை சென்ற பள்ளியின் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, பெயரை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டு, எடுத்த பின்னரே அந்த வரியில் கோடிடுகிறேன்.

இதனைக் கணினியின் குற்றமென்று கூறமாட்டேன். பழைய பதிவேடுகளையும் நான் அறிவேன். கரையான் அரித்த சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்து, ஒரு பெரியவரின் பிறந்த நாளைக் கண்டுபிடிக்க முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்று ஒரு குழந்தையின் விவரம் மழையில் நனைவதில்லை. மேசை அறையில் பூட்டப்படுவதும் இல்லை. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் நாட்கணக்கில் காத்துக்கிடந்த தலைமுறை நாம். இன்று இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறோம். இவையெல்லாம் நன்மைகளே. ஆயினும் எழுதியவர் செய்த பிழையும், எழுதாமல் விட்ட பிழையும் கணினியில் எளிதில் மறைவதில்லை. முன்பு ஒரு பள்ளியின் பதிவேட்டிலிருந்த பிழை அப்பள்ளியோடு நின்றது. இப்போது அது பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து உதவித்தொகைக்கும் பிள்ளையோடு பயணம் செய்கிறது.

பள்ளிக்கும் இதனால் இழப்பு உண்டு. ஆகஸ்டு முதல் நாளில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுவது நம் மாநிலத்தில் வழக்கம். சூளையிலிருந்து திரும்பிய பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் அந்நாளில் தொகுப்பிலேயே கிடந்தால், அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியரின் இடமே கேள்விக்குள்ளாகலாம்.

ஏட்டில் என்ன எழுதப்படுகிறது என்ற கவலை நம் மக்களுக்குப் புதியதன்று. 1922ஆம் ஆண்டில் எம்.சி. ராஜா அவர்கள் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்க ஏடுகளில் நம்மைக் குறிக்க வழங்கிய இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்றே எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். அரசும் அதனை ஏற்றது. நிலமில்லை, பள்ளியில்லை, கிணற்றில் நீரில்லை என்றிருந்த காலத்தில், ஏட்டிலுள்ள ஒரு சொல்லுக்காக அவர் ஏன் வாதாடினார் என்பதை இளைஞர்கள் சிந்திக்க வேண்டும். ஊர்க் கணக்கும் அப்படித்தான் இருந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்படும்வரை, அடங்கலில் ஒரு வரியைப் பார்க்க வேண்டுமாயினும் கணக்கப்பிள்ளை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நம் பெரியோர்கள் நின்றார்கள். என் பாட்டனார் அவ்வாறு நின்றவர். அவர் பெயரன் இன்று கைப்பேசியில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் பார்க்கிறான். ஆனால் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பார்க்கும் உரிமை வந்தபின்னும் பாராதிருப்பதற்கு யாரை நோவது?

இனி, பிழைகள் எங்கே நேர்கின்றன என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் பெயரில்தான். முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம் என்றிருந்தால், மனிதர்க்கு ஒரே பெண்ணாகத் தோன்றுபவள் கணினிக்கு மூன்று பெண்கள். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் போடும் நம் வழக்கமும் தொல்லை தருகிறது. ஓரிடத்தில் முதலெழுத்து முன்னே, மற்றோரிடத்தில் பின்னே, இன்னோரிடத்தில் தந்தையின் முழுப்பெயர். சிலர் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ததோடு நின்று, பெயரைச் சேர்க்காமலே விட்டுவிடுகின்றனர். 15 ஆண்டுகளுக்குள் சேர்த்தாக வேண்டும் என்பது விதி. 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணமாகச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இதில் அலட்சியமாக இருத்தல் ஆகாது.

பிறந்த நாளைப் பற்றிப் பேசுகையில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆடி மாதத்தில் பிறந்தவன் என்பது என் தாயார் வாக்கு. பள்ளியில் சேர்த்த ஆசிரியரோ கணக்கு நேராக வரட்டுமென்று ஜூன் 1 என எழுதிவிட்டார். நான் ஓய்வு பெறும் நாளும் அந்த ஜூன் கணக்கில்தான் வரும். இந்த அவையிலேயே ஜூன் மாதத்தில் "பிறந்த" பெரியவர்கள் பலர் இருப்பீர்கள்.

அடுத்தது சாதிப் பிரிவு. கணினித் திரையில் ஆதிதிராவிடர் என்றும், ஆதிதிராவிடரில் அருந்ததியர் என்றும் தனித்தனியே தெரிவு செய்ய இடமுண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு உள் ஒதுக்கீடாக அமைந்தது. விரல் ஒரு வரி தவறினால் அப்பிள்ளைக்குரிய இடம் தவறும். அதேபோல் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏழு பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. தந்தையின் சான்றிதழில் பழைய பெயரும் பிள்ளையின் சான்றிதழில் புதிய பெயரும் இருப்பதைக் கண்டு, பதிவு செய்பவர் மயங்கி நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் நகலை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்டமாட்டேன் என்று எந்த ஆசிரியரும் சொல்வதற்கில்லை.

கல்லூரி செல்லும் இளைஞர்களுக்கு வங்கிக் கணக்கு பெருந்தொல்லை. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உரியது. முன்பு கல்லூரி வழியாக வந்த தொகை நேரடியாக மாணவர் கணக்கில் வரவாகும் முறை வந்துள்ளது. நீங்கள் எந்தப் பாஸ்புத்தகத்தின் நகலைக் கொடுத்தீர்கள் என்பதைவிட, உங்கள் ஆதார் எண் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டது என்பதே இதில் முக்கியம். இடையில் வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்த மாணவன், பழைய கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பணம் வரவில்லை என்று வருந்துகிறான். பணமோ புதிய கணக்கில் உறங்குகிறது.

ஆதார் இல்லை என்று கூறிப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் சேர்க்கையை மறுக்கலாகாது என்பது 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம். சேர்ந்தபின் சான்றுகளைச் சரிசெய்துகொள்ளலாம்.

இவ்வளவும் கூறிய நான் மறுபக்கத்தையும் கூறாவிடின் குறையாகும். நம்மைப் பற்றிய விவரம் நமக்கு உரிமை தருவது போலவே, தீயோர் கையிலோ பொறுப்பற்றோர் கையிலோ சிக்கினால் நம்மைக் குத்தவும் செய்யும். 2023இல் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருத்தலாகாது எனத் தன் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது. உதவித்தொகை பெறுவோர் பட்டியலைச் சாதியோடு வகுப்பில் உரக்கப் படித்த காலத்தில் மாணவனாக இருந்தவன் நான். எழுந்து நிற்கச் சொல்வார்கள்; நிற்போம். அதன் வேதனை உங்களிற் பலர்க்கும் தெரியும். அதே பட்டியலை நம் இளைஞர்களே இன்று வாட்சப் குழுவில் ஆதார் எண்ணோடும் தொலைபேசி எண்ணோடும் பகிர்வதைக் காண்கையில் மனம் பதைக்கிறது. உதவும் நோக்கம்தான், எனினும் செய்யலாகாது. விண்ணப்பம் பதியும் கடைக்காரரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வருவதும் தவறே.

இறுதியாக நம் சங்கத்தின் ஏட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். 25 ஆண்டுகளாக நம் செயலாளர்கள் நீள நோட்டுகளில் எழுதிவந்த கணக்குகளைச் சென்ற வாரம் புரட்டிப் பார்த்தேன். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது பைசா சுத்தமாக இருக்கிறது. அவர்கள் படிப்பை முடித்தார்களா, இடையில் நின்றார்களா, எந்த வகுப்பில் நின்றார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. நம் தெருவில் பத்தாம் வகுப்போடு நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று மாவட்ட நலத்துறை அலுவலர் நம்மைக் கேட்டால், நம்மால் விடை கூற இயலாது. கூற இயன்றால் விடுதி கேட்கலாம். மாலை வகுப்புக்கு ஆசிரியர் கேட்கலாம். இதற்குப் பெரிய கணினி நிலையம் வேண்டியதில்லை. ஒரு கணினியும் வரிசையாகக் கட்டங்களிட்ட ஓர் அட்டவணையும் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. ஆண்டுக்கு இருமுறை அந்த வரியைச் சரிபார்க்கும் ஒருவர். அட்டவணையின் பிரதி இன்னோரிடத்திலும் இருக்க வேண்டும். அதைத் திறக்கும் உரிமை இருவர்க்கு மேல் கூடாது. ஐம்பது வயதைக் கடந்த நானே என் மாணவனொருவனிடம் இதனைக் கற்றுக்கொண்டேன். அவன் பொறுமை எனக்கு அவன் வயதில் இருந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நம் சங்கக் கட்டடத்தில் நானும் கல்லூரி மாணவர் நால்வரும் இப்பணியைத் தொடங்குகிறோம். பெற்றோர் தம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டுகிறேன். நான்கிலும் பெயர் ஒரேவிதமாக இருக்கிறதா என்று பார்த்துத் தருவோம். எங்கே திருத்த வேண்டும் என்பதையும் எழுதித் தருவோம். வரும் தையில் சூளைக்குச் செல்லவிருக்கும் குடும்பங்கள் முதலில் வரட்டும்.