மலைநாட்டில் அரச சட்டவாதி



குற்றவாளியைத் தண்டிக்கச் செய்பவரே அரச சட்டவாதி என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அரை உண்மையே. வழக்கை வெல்வதன்று அவர் கடமை. எதிரிக்குச் சாதகமான உண்மையையும் மறைக்காது நீதிமன்றத்தின் முன் வைப்பதே அவர் கடமை. இதன் அருமையை மலைநாட்டு மக்கள் நன்கு அறிவர்.

1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்த வேளையில், பொலிசார் சுட்டதால் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதனை ஆராய ஆணைக்குழு அமைக்கப்பெற்றது. அதன் விசாரணை முடியும்வரை தொழிலாளர்மீதான வழக்குகளை ஒத்திவைக்க வேண்டுமென உள்நாட்டமைச்சர் சேர் பாரன் ஜயதிலக விரும்பினார். பொலிஸ் மா அதிபர் இணங்கவில்லை. தேசாதிபதி கால்டிகொட்டும் அவர் பக்கமே நின்றார். அமைச்சர்கள் ஒருங்கே பதவி துறந்தனர். வழக்குத் தொடுக்கும் அதிகாரம் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்ற வினா, ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுந்து நாட்டின் ஆட்சியையே அசைத்தது.

இன்று சிறு குற்றங்களை நீதவான் நீதிமன்றத்தில் பெரும்பாலும் பொலிசாரே நடத்துகின்றனர். கொலை போன்ற பெருங்குற்றங்களின் நிலை வேறு. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரு கொலை நிகழ்ந்தால், விசாரணைக் குறிப்புகள் சட்டமா அதிபர் திணைக்களத்தை அடைகின்றன. அங்கு அவற்றை ஆராய்ந்த பின்னரே குற்றப்பத்திரிகை எழுதப்படும். சான்று போதாதெனின் வழக்கே எழாது. பிடித்தவர் ஒருவர், வழக்குத் தொடுப்பதா எனத் தீர்மானிப்பவர் மற்றொருவர் என்னும் இப்பிரிவு குடிமக்களுக்குப் பெருங்காப்பு ஆகும்.

எனினும், மலைநாட்டில் மற்றோர் இடர் உண்டு, அது மொழி. வடக்கு, கிழக்கிற்கு வெளியே நீதிமன்ற மொழி பொதுவாகச் சிங்களமே. லயத்திலிருந்து வரும் சாட்சியோ தமிழில் பேசுகிறார். உரைபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வழங்குகிறது. ஆயினும் உரிமை வேறு, பொருள் பிசகாத பெயர்ப்பு வேறு.

ஓர் உதாரணம் கூறுவேன். "கையிலே கவ்வாத்துக் கத்தி இருந்தது" என்கிறார் சாட்சி. அது வெறுங் "கத்தி" என்று பெயர்க்கப்பட்டால், எதிரி ஆயுதம் ஏந்தியே வந்தான் என்று கேட்போர் கருதக்கூடும். கவ்வாத்துக் கத்தியோ, தேயிலைச் செடியை வெட்டும் தொழிலாளியின் அன்றாடக் கருவி. திட்டமிட்டு வந்தானா, திடீர்ச் சினத்தில் கைக்கு அகப்பட்டதை வீசினானா? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் முன்னையது 296ஆம் பிரிவின் மரண தண்டனைக்கு உரியது. கடுஞ்சினமூட்டலால் நேர்ந்ததெனில் பின்னையது 297ஆம் பிரிவின் சிறைத் தண்டனையோடு நிற்கக்கூடும். 1976க்குப் பின் இந்நாட்டில் தூக்கு நிறைவேற்றப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஆயுள் முழுதும் சிறையிற் கழிவதற்கும் சில ஆண்டுகளில் வீடு திரும்புவதற்கும் இடையே அச்சொல் நிற்கிறதன்றோ?

அவ்வேளையில் எழுந்து, "அக்கத்தி எத்தகையது?" என்று சாட்சியை மீண்டும் வினவ வேண்டியவர் எதிரியின் சட்டத்தரணி மட்டுமல்லர், அரச சட்டவாதியுமாவார். அவ்வினாவால் அவர் வழக்கின் வலிமை குறையலாம். நீதியின் வலிமை குறையாது. இறந்தவரின் குடும்பமும் எதிரியின் குடும்பமும் பெரும்பாலும் ஒரே லயத்தில் வாழ்பவர்களே. தீர்ப்பின் பின்னரும் அவர்கள் ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள். உண்மை முழுமையாகக் கேட்கப்பட்டது என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களை மீண்டும் ஒன்றாக வாழச் செய்யும்.