மண்வெட்டிக்குப் பல்லைக் கடிப்பானேன்?



வரப்பு அண்டை வெட்டிய அன்று இரவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பவர்கள் நம்மில் அநேகம். மறுநாள் வேலையும் கெட்டுப்போகிறது. கடினமான வேலை, வலிக்கத்தானே செய்யும் என்கிறோம். அது பாதிதான் சரி. வேலைக்குத் தேவையில்லாத இடங்களையும் நாம் முறுக்கி வைத்துக்கொள்கிறோம், பாருங்கள். மீதி வலி அங்கேதான் பிறக்கிறது.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒரு பெரியவர். செயல்விளக்க வயலில் நானும் மண்வெட்டி பிடித்தேன். அரைமணி நேரத்தில் தோள் கடுத்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்தவர், "மண்ணை வெட்டுறதுக்குப் பல்லை ஏன் சார் கடிக்கிறீங்க?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். தாடை இறுகியிருந்தது, தோள் காதுப்பக்கம் ஏறியிருந்தது, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் படித்த பட்டதாரிதான் நான்!

தசை இறுகியே இருந்தால் அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் நெரிபடும். ரத்த ஓட்டம் குறையும். தசை சீக்கிரம் களைத்துக் கடுக்கும். இறுக்கி உடனே தளர்த்தினால் ரத்தம் மறுபடி பாயும். ஆகவே வெட்டு மண்ணில் இறங்கும் நேரம் பிடி இறுகட்டும். ஓங்கும்போது மண்வெட்டி நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். வெட்டும்போது மூச்சை வெளியே விடுங்கள். முதுகைக் கூன்போடாமல், ஒரு காலை முன்வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தொடைச்சந்தில் குனியுங்கள். பழகிய உடம்பு உடனே கேட்காது. பத்துப் பதினைந்து வெட்டுக்கு ஒருமுறை பல், தோள், மூச்சு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். போகப்போகக் கைவந்துவிடும்.

மூட்டை தூக்குவது வேறு கதை. யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோதான். ஆனாலும் கையை நீட்டித் தூக்கினால் இடுப்பில் விழும் பாரம் பல மடங்காகிவிடும். உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு அணைத்து, காலால் எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள், இடுப்பைத் திருகாதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள், அதில் என்ன கூச்சம்?

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வலி காலுக்கு இறங்கிப் பாதம் மரத்துப்போனாலோ, கால் பலம் இழந்தாலோ, அது தளர்த்தினால் போகிற வலி அல்ல. சுளுக்கு வழிக்கிறேன் என்று முதுகை மிதிக்கவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.