மூச்சை எண்ணும் செவிலி

கிராமச் செவிலியருக்கான கைந்நூல் ஒன்றைத் தமிழாக்கும் பணி அண்மையில் நம்மிடம் வந்தது. இருமலோடு வரும் குழந்தைக்கு வெறும் சளியா, நிமோனியாவா என்று தெளிவது எவ்வாறு? துணைச் சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரே இல்லை. செவிலிக்குத் துணை ஒரு கடிகாரமும் தம் கண்களுமே.

குழந்தை அழாமல் தாய்மடியில் அமைதியாக இருக்கையில், சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தல் ஆகாது. சிசுவின் மூச்சு ஒரே சீராக ஓடுவதன்று. 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50, அதன்பின் 5 வயது வரை 40. இதனை எட்டினாலே அது வேகமூச்சு. 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60. அங்கே இருமுறை எண்ணியே முடிவு செய்தல் வேண்டும்.

மற்றோர் அடையாளத்தை நாம் முதலில் ‘மார்பு ஏறி இறங்குதல்’ என்று எழுதிவிட்டோம். படியைப் பார்வையிட்ட செவிலி அம்மையார், “ஐயா, எந்தக் குழந்தைக்குத்தான் மார்பு ஏறி இறங்காது? இதை நம்பினால் ஊர்க் குழந்தைகள் அனைவரும் நோயாளிகளே!” என்றார். நாம் நாணினோம். அகராதி நமக்கு உதவவில்லை. அவர் தம் விலாவின்மேல் கைவைத்துக் காட்டியதே உதவியது. நலமுள்ள குழந்தை மூச்சிழுக்கையில் மார்பும் வயிறும் விரியும். நிமோனியா கண்ட குழந்தைக்கோ கீழ் மார்பு உள்ளே குழியும். எண்ணிக்கை குறைவாயிருப்பினும் இக்குழிவைப் புறக்கணித்தலாகாது.

பால் குடிக்க இயலாமை, வலிப்பு, எழுப்பினும் விழியாத மயக்கம் இவற்றுள் ஒன்றிருப்பினும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டுவதில்லை. முதல்வேளை மருந்தளித்து உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்தை அம்மையார் மும்முறை வாசித்த பின்னரே அச்சுக்கு விடுத்தோம்.