நாயின் நட்பும் நலவாழ்வும்



தமிழில் ஒருவரை இழித்துரைக்க விரும்புவோர் முதலில் எடுத்தாளும் சொற்களுள் ஒன்று 'நாய்' என்பது. ஆயினும், பாரதக் கதையிலே உற்றார் அனைவரும் வழியில் வீழ்ந்த பின்னர், தருமருடன் இறுதிவரை நடந்து சென்றது ஒரு நாயே. அதனைக் கைவிட்டு வந்தால் விண்ணுலகம் புகலாம் என்று இந்திரன் கூறியபோது, அத்தகைய விண்ணுலகம் தமக்கு வேண்டாம் என்று தருமர் மறுத்தார். இகழ்ச்சியும் மதிப்புமாகிய இவ்விரு எண்ணங்களும் தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக அருகருகே இருந்து வருகின்றன. இவற்றுள் மதிப்பின் பக்கத்துக்கு வைத்திய ஆராய்ச்சியும் இன்று சான்று கூறுகின்றது.

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே எரிக்கா ஃபிரீட்மன் என்னும் பெண்மணியும் அவருடன் உழைத்த அறிஞர் சிலரும் ஓர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டனர். இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய 92 பேரின் நிலையை அவர்கள் ஓராண்டின் பின் ஆராய்ந்தனர். நோயாளரின் குடும்பம், நட்பு, வாழ்க்கை நிலை ஆகியன பற்றிய வினாக்களுக்கிடையே, வீட்டில் வளர்ப்புப் பிராணி உண்டா என்ற வினாவும் இருந்தது. பிராணி வளர்க்காத 39 பேருள் 11 பேர் ஓராண்டுக்குள் இறந்துவிட்டனர். நாய் முதலிய பிராணிகளை வளர்த்த 53 பேருள் இறந்தோர் மூவர் மாத்திரமே. நோய் கடுமையாக இல்லாதவர்கள்தாம் பிராணி வளர்த்தார்களோ என்ற ஐயம் எழுதல் இயல்பு. நோயின் கடுமையைக் கணக்கிற் கொண்டு நோக்கியபோதும் அவ்வேறுபாடு மறையவில்லை.

நாய்களைப் பதிவு செய்தல் சட்டமாக உள்ள சுவீடன் நாட்டில், 40 முதல் 80 வரை வயதுடைய 34 இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் 12 ஆண்டுக் குறிப்புகள் ஆராயப்பட்டு, 2017இல் முடிவு வெளியாயிற்று. தனித்து வாழ்வோருள், நாய் வளர்த்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, வளர்க்காதவர்களிலும் நூற்றுக்கு 33 பங்கு குறைவாகக் காணப்பட்டது. இதனால் நாயே ஆயுளை நீட்டியது என்று அறுதியிட்டுக் கூறல் இயலாது என்பதை ஆய்வாளரே ஒப்புக்கொண்டனர். உடல்வலிமை உள்ளவர்களே நாய் வளர்க்க முன்வருவர் என்பதும் உண்மையன்றோ? ஆயினும் தனித்திருப்போரிடம் அந்நன்மை மிகுந்து காணப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, பெரிய வளவிலே தனித்து வாழும் முதியோர் இன்று யாழ்ப்பாணத்திற் பலர். இளைப்பாறிய ஒருவர், விடிந்தபின் எழுந்து செய்வதற்கு வேலை ஏதுமின்றிச் சாய்மனைக் கதிரையிலே நாளைக் கழிப்பதைக் காணலாம். அவ்வீட்டிலே ஒரு நாய் இருக்குமாயின், அது அவரை அவ்வாறு இருக்க விடாது. படலையைத் திறக்கச் சொல்லிக் குரைக்கும். ஒழுங்கை வழியே அழைத்துச் செல்லும். வளர்ந்தோர் கிழமைக்கு 150 நிமிடமாவது சற்று விரைந்து நடத்தல் போன்ற உடலுழைப்பைச் செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாளுக்கு அரை மணியாகக் கிழமையில் ஐந்து நாள் நாயுடன் விரைந்து நடந்தாலே அவ்வளவு நிறைவெய்தும். வழியில் அயலவர் நின்று இரண்டு வார்த்தை பேசுவர். நாய்க்குச் சோறு வைக்க வேண்டுமென்பதனால், தமக்கும் நேரத்துக்கு உலை வைப்பார். தம்மை நம்பி ஓர் உயிர் இருக்கின்றது என்னும் எண்ணமே தனிமைக்கு மருந்தாகின்றது.

2015இல் யப்பானிய அறிஞர் கண்ட செய்தியும் இதனோடு இயைவது. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கியபோது, இருவர் உடலிலும் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் மிகுந்தது. தாயையும் சேயையும் பிணைப்பதில் பங்குகொள்ளும் ஓமோனும் அதுவே.

எனினும், நன்மையை நாடுவோர் கடமையை மறத்தலாகாது. விசர்நாய் நோய் உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரம் உயிர்களைக் கொள்கின்றது. தடுப்பூசி ஆண்டு தவறாது ஏற்றப்படல் வேண்டும். நாய் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குடற்புழு, தெள்ளு, உண்ணி ஆகியவற்றுக்கும் மிருக வைத்தியரின் ஆலோசனை தேவை. குட்டிகளைப் பெருகவிட்டுப் பின்னர்ச் சந்தையடியிலே கொண்டுபோய் விடுதல் கொடுமையாகும்.

நாள் முழுவதும் மாமரத்தடியிற் சங்கிலியாற் கட்டுண்டு கிடக்கும் நாய், வீட்டுக்குக் காவலாகலாம்; வீட்டார் நலத்துக்குத் துணையாகாது. ஆராய்ச்சிகள் கூறும் நன்மை, நாயை வைத்திருப்பதனால் வருவதன்று. அதனோடு வாழ்வதனால் வருவது. தருமர் தம்முடன் வந்த நாயைக் கைவிட மறுத்தார். அந்நாயும் அவரைக் கைவிடவில்லை.